ஈர்க்குத் தட்டும் ஒரு கையெழுத்தும்

2023 ஒக்டோபர் 1 முதல் இலங்கையில் பிளாஸ்டிக் இடியப்பத் தட்டுக்குத் தடை. உறிஞ்சுகுழாய், கரண்டி, பூமாலை என்று நீளும் அந்தப் பட்டியலில் இதுவும் ஒன்று. வடமராட்சியில் பனை ஈர்க்கிலும் ஓலையிலும் கைவேலை செய்யும் பெண்களுக்கு இது நல்ல வியாபாரச் செய்தி. ஈர்க்கை ஒரே கனத்தில் சீவி, வட்டமாகப் பின்னி, விளிம்பைக் கட்ட வேண்டும். பின்னுபவளின் கைத்திறன் அந்த விளிம்பில்தான் தெரியும். கட்டு தளர்ந்திருந்தால் நாலு தரம் ஆவியில் வைத்ததுமே தட்டு கழன்றுவிடும்.

வல்வெட்டித்துறைக்கு முன்னால் கடல், பின்னால் பனை. இரண்டுக்கும் சங்கங்கள் உண்டு: கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், இவற்றோடு சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள். தட்டுப் பின்னுபவள், கருவாடு போடுபவள், வலையில் மீன் கழற்றுபவள் எல்லோரும் இவற்றின் நிழலில்தான் உழைக்கிறார்கள். ஆனால் உறுப்பினர் பதிவேட்டில் இருப்பது பல வீடுகளில் கணவரின் பெயரோ தகப்பனின் பெயரோதான். மானியமும் நிவாரணமும் பதிவைப் பார்த்தே வரும். அடிமடி இழுவைத் தொழிலை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்த பிறகும் றோலர்கள் வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. வலைக்கு நட்டம் எழுதுகிறபோது, மீன் வராததால் கருவாட்டு வாடியில் வேலையிழந்தவளின் நட்டத்தை யார் எழுதுகிறார்கள்?

முதலில் பதிவேட்டைப் பாருங்கள். 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி உறுப்பினர் பட்டியலும் துணைவிதிகளும் சங்கத்தின் பதிவு முகவரியில் இலவசமாகப் பார்வைக்கு இருக்க வேண்டும். உங்கள் பெயர் இல்லாவிட்டால், துணைவிதியில் உள்ள தகைமையைப் படித்து எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். உறுப்பினரானால், எத்தனை பங்கு வைத்திருந்தாலும் உங்களுக்கும் ஒரு வாக்கு, தலைவருக்கும் ஒரு வாக்கு. கணக்கு ஆண்டுதோறும் கணக்காய்வு செய்யப்பட வேண்டும். கணக்கில் ஐயமிருந்தால், மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர் சேர்ந்து கேட்டால் விசாரணை நடத்தியாக வேண்டும். சங்கத்துக்கும் உறுப்பினருக்கும் இடையிலான பிணக்கைக் கூட்டுறவு அபிவிருத்தி ஆணையாளரிடம் கொண்டுபோகலாம். அங்கே வரும் தீர்ப்பு நீதிமன்றக் கட்டளை போலவே நிறைவேறும். எனவே "அக்கா, இதில ஒரு கையெழுத்து மட்டும் வையுங்கோ" என்று சங்கக் கடனுக்குப் பிணை கேட்டு வருபவர் சொந்தச் சகோதரியானாலும் தாளை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய்ப் படியுங்கள். வட்டி வீதம், தவணை தவறினால் என்ன நடக்கும், பிணையாளி எவ்வளவுக்குப் பொறுப்பு, இந்த மூன்றும் அதில் எழுதியிருக்க வேண்டும்.

2009 க்குப் பிறகு படலைக்கே வந்து வாரத் தவணையில் கொடுத்துப் போன நுண்கடன் கம்பனிகளின் கதையை இங்கு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2018 இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 1 இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசு தள்ளுபடி அறிவிக்க வேண்டி வந்தது. சங்கக் கடன் அதைவிட மேல் என்பதுதான் என் கருத்து. ஆனால் சங்கமென்ற பெயர் மட்டும் எந்தக் கடனையும் மலிவாக்கிவிடாது.

சங்கக் கடனும் போதாமல் வங்கிக்குப் போகிறபோதுதான் பலருக்குப் பழைய சட்டம் ஒன்று முதன்முதலாகத் தெரியவருகிறது. யாழ்ப்பாணத்தில் சீதன வீடும் காணியும் பெண்ணின் பெயரில் இருப்பது வழமை. உறுதியும் அவளுடைய அலுமாரியில்தான் இருக்கும். ஆனாலும் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணால், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நகை, சேமிப்பு, தையல் மெஷின் போன்ற அசையும் சொத்துகளுக்கு இந்தத் தடை கிடையாது. மரணசாசனம் எழுதவும் சம்மதம் வேண்டியதில்லை.

கணவர் லண்டனிலோ கனடாவிலோ இருந்தால் அங்கிருந்தே சம்மதப் பத்திரமோ அற்றோணித் தத்துவமோ அனுப்பலாம். அவர் எங்கே என்றே தெரியாவிட்டால்? கைவிட்டுப் போயிருந்தால், நியாயமின்றி மறுத்தால்? இவற்றுக்கும் அதே சட்டத்தில் வழி உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். வடமராட்சியாருக்குப் பருத்தித்துறை நீதிமன்றமே போதும். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் 'காணப்படாமைச் சான்றிதழ்' தருகிறது. மரணச் சான்றிதழை ஏற்க மனம் ஒப்பாத மனைவி அதைக் கேட்டுப் பெறலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். நூறாண்டு தாண்டிய இந்தச் சம்மத விதி இன்னும் ஏன் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இருக்கிற வரை, கடன் விண்ணப்பத்துக்கு முன்பே இந்த மனுவை யோசித்துவையுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் மீற்றர் வட்டிக்காரன்தான் வாசலில் நிற்பான்.

இனி மூலப்பொருள். பனை தறிக்கப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். ஊருக்குள் அனுமதியின்றி மரம் விழுவதைக் கண்டால் கிராம அலுவலருக்கும், 1978 இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபைக்கும் எழுதுங்கள். அங்கே போவது உங்கள் ஓலையும் ஈர்க்கும்.

நம் பக்கத்துப் பிழையும் ஒன்றுண்டு. ஓலைக்குச் சாயம் அவிக்கும் பெண்கள் மிஞ்சிய சாயத் தண்ணீரைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றிவிடுவார்கள். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது கீழே நல்ல தண்ணீரில்தான் சேரும். கடற்கரைக் கிணறுகளில் உவர் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. சாயம் அவிப்பதைச் சங்கக் கட்டடத்தில் ஓரிடத்துக்கு மாற்றி, கழிவுக்குத் தனித் தொட்டி கட்டச் சொல்லிப் பொதுக்கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம். உங்களுக்கு வாக்கு இருப்பது இதற்கும்தான்.

கிணற்றைக் கெடுப்பது பெரிய நிறுவனமாக இருந்தாலும் வழி அடைபடாது. சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த கிணறுகள் தொடர்பான வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் மின்னுற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. முறைப்பாட்டை மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் நகரசபைக்கும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிவையுங்கள். நீர்ப் பரிசோதனை அறிக்கை எந்தத் திணைக்களத்திடம் இருந்தாலும், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். அதே வழியில் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்திடம் உங்கள் சங்கத்தின் கடைசிக் கணக்காய்வு அறிக்கையையும் கேட்டுப் பாருங்கள்.