கம்பெனி நொடித்தால் யார் பக்கம் யார் பேசுவார்?



"லாயர்னா கொலை கேஸ், விவாகரத்து கேஸ்தானே சார்?" என்று வகுப்பில் கேட்பார்கள். அதிகம் பேசப்படாத இன்னொரு துறை உண்டு: நிறுவன மறுசீரமைப்பு, திவால் சட்டம்.

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் ஏறிவிட்டது. டயர் கடைக்குப் பாக்கி. டிரைவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. இருக்கிற பணம் யாருக்கு முதலில்? கம்பெனியைக் காப்பாற்ற முடியுமா? இதுதான் இந்த வழக்கறிஞரின் வேலை.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

'திவால்' என்பது தனிமனிதருக்கு. அதற்கு 1967 நொடிப்புச் சட்டம். கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்க வேண்டும். கம்பெனி 'திவால்' ஆவதில்லை, 'கலைக்கப்படுகிறது'. அதற்கு 2016 நிறுவனச் சட்டம். தேர்வில் இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.

கலைப்பில் வரிசை உண்டு. அடமானம் வைத்திருக்கும் வங்கி அந்தச் சொத்திலிருந்து தன் பணத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் கலைப்புச் செலவு போக, தொழிலாளரின் கடைசி 4 மாதச் சம்பளம் 15,000 வெள்ளி வரை முன்னுரிமை பெறும். டயர் கடைக்காரர் வரிசையில் பின்னால்தான் நிற்பார்.

காப்பாற்றும் வழிகள்

கலைப்புக்கு முன் மூன்று வழிகள் உள்ளன: கடன்கொடுத்தோருடன் சமரசத் திட்டம், நீதிமன்றம் நியமிக்கும் நிர்வாகி, கம்பெனியே முன்வைக்கும் தன்னார்வ ஏற்பாடு. கடைசி இரண்டும் 2018 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தன.

சமரசத் திட்டத்துக்கு, வாக்களிப்போரின் கடன் மதிப்பில் 75 விழுக்காடு ஆதரவும் உயர்நீதிமன்ற ஒப்புதலும் வேண்டும். ஏர்ஆசியா எக்ஸ் 2021இல் இப்படித்தான் தப்பியது. கடனில் 0.5 விழுக்காடு மட்டுமே ரொக்கமாகக் கிடைத்தது. டிக்கெட் பணத்துக்குக் காத்திருந்த பயணிகளும் கடன்கொடுத்தோர் பட்டியலில் இருந்தார்கள். விமானம் மீண்டும் பறந்தது. விலையைக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இந்தத் துறைக்குப் போவது எப்படி?

மலாயா, தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் சட்டப் பட்டம் பெறலாம். பிரிட்டிஷ் பட்டம் என்றால் பெரும்பாலும் சிஎல்பி தேர்வும் எழுத வேண்டியிருக்கும். பிறகு மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதப் பயிற்சி, அதன்பின் உயர்நீதிமன்றப் பதிவு. மலாய்மொழியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எஸ்பிஎம்-மில் நல்ல தேர்ச்சி அவசியம். கணக்கியல் தெரிந்தால் பெரிய பலம். ஏனென்றால், கலைப்பாளராக இருப்பவர் பெரும்பாலும் உரிமம் பெற்ற கணக்காளர். அவரது கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பவர் நீங்கள்.

வகுப்புப் பயிற்சி

ஒரு கம்பெனிக்கு 10 லட்சம் வெள்ளி கடன். வங்கிக்கு 6 லட்சம், சரக்கு வியாபாரிக்கு 3 லட்சம், பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்துக்கு 1 லட்சம். மூவரும் ஒரே பிரிவில் வாக்களிக்கிறார்கள்.

1. வங்கி மட்டும் சம்மதித்தால் போதுமா? (போதாது; 60 விழுக்காடுதான்.)
2. வங்கியும் வியாபாரியும் சம்மதித்தால்? (90 விழுக்காடு. நீதிமன்றமும் ஒப்புக்கொண்டால் அச்சகமும் கட்டுப்பட வேண்டும்.)
3. நீங்கள் அச்சகத்தின் வழக்கறிஞர். நீதிபதியிடம் என்ன சொல்வீர்கள்?

மூன்றாவதற்கு விடை இங்கே இல்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள், ஆசிரியர்களே. இந்தத் துறைக்கு ஏற்ற மாணவர் யாரென்று அன்றைக்கே தெரிந்துவிடும்.