நாய்க்குட்டியை மொட்டை மாடியில் கட்டாதீர்கள்

ஐப்பசி அடைமழை பிடித்ததும் வடசென்னைக் கொடுங்கையூரில் ஒரே கதை தெருவுக்குத் தெரு நடக்கிறது. முத்தமிழ் நகரிலோ எழில் நகரிலோ ஒரு பையன் ஆசைப்பட்டுச் சிப்பிப்பாறைக் குட்டியோ ராஜபாளையம் குட்டியோ வாங்கி வருகிறான். வீட்டுக்காரர் உள்ளே விடக்கூடாது என்கிறார். குட்டி மொட்டை மாடிக்குப் போகிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு சாக்கு, கழுத்தில் ஒரு சங்கிலி. கேட்டால், "வேட்டை நாய்ங்க, எல்லாம் தாங்கும்" என்கிறார்கள். சில நாளில் குட்டி தீனியைத் தொடாமல் சுருண்டு படுக்கிறது. அப்போதும் மருந்துக்கடையில் மாத்திரை கேட்கிறார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடும்போது காலம் கடந்திருக்கிறது.

தாங்காது. முதலில் இதை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் விருதுநகர், தூத்துக்குடி, தேனிப் பக்கத்து வறண்ட நிலத்தில் வளர்ந்த இனங்கள். ஓடுவதற்கென்றே அமைந்த உடம்பு: குட்டை முடி, மெல்லிய தோல், கொழுப்பே இல்லாத விலா. வெயிலைச் சமாளிக்கும் அந்த உடம்பு ஈரத்தைச் சமாளிக்காது. அதுவும் மூன்று மாதக் குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலு இன்னும் முழுதாக வந்திருக்காது.

சென்னையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது, இதிலென்ன குளிர் என்று கேட்பார்கள். குட்டியைக் கொல்வது காற்றின் குளிர் மட்டும் இல்லை. நனைந்த முடி, ஈரச் சாக்கு, இரவு முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சும் சிமென்ட் தரை, வங்கக் கடலிலிருந்து வீசும் வாடைக்காற்று ஆகிய நான்கும் சேர்ந்தால் 20 டிகிரியே போதும்.

தடுப்பூசி முடியும்வரை, அதாவது ஏறக்குறைய நான்கு மாதம்வரை, குட்டி இரவில் வீட்டுக்குள் இருக்க வேண்டும். வராந்தாவோ மாடிப்படிக்கு அடியோ போதும், கூரையும் காய்ந்த தரையும் இருந்தால் சரி. வேறு வழியே இல்லை என்பவர்கள் கீழே சொல்வதை ஒன்று விடாமல் செய்யுங்கள்.

கூடு தரையைத் தொடக்கூடாது. துறைமுகக் கிடங்குகளிலிருந்து வரும் மரப் பேலட்டுகள் நம் பக்கத்துப் பழைய மரக்கடைகளில் கிடைக்கும். கூட்டை அதன்மேல் வையுங்கள். பேலட்டின் பக்கவாட்டு முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். 'ஹெச்.டி.' என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்திய மரம், எடுக்கலாம். 'எம்.பி.' என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்னும் நச்சுப் புகை போட்ட மரம், தொடாதீர்கள். மணலி, திருவொற்றியூர் ஆலைகளிலிருந்து வரும் நீல நிறப் பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக வெட்டிக் கூடாக்குகிறார்கள். உள்ளே முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது. குட்டி அதை நக்கும். அந்த டிரம் வேண்டாம்.

கூட்டின் வாசல் தெற்கையோ மேற்கையோ பார்த்திருக்கட்டும். மழைக்காலக் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. குட்டி நின்று, திரும்பி, சுருண்டு படுக்குமளவுக்கு இடம் போதும். பெரிய கூட்டில் உடம்புச் சூடு தங்காது. உள்ளே காய்ந்த பழைய பருத்திப் புடவை, அதற்கு அடியில் செய்தித்தாள். காலையிலும் மாலையிலும் கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் உடனே மாற்றுங்கள். ஈரச் சாக்கு வெறுந்தரையைவிடக் கெடுதல். சூட்டுக்காக ஒயர் இழுத்து பல்பு தொங்கவிடாதீர்கள், மழையில் மின்சாரம் பாயும். கரி அடுப்பும் வேண்டாம். போகியன்று டயர் எரிக்கும் தெருவில் குட்டியை வெளியில் விடவே விடாதீர்கள். குப்பைமேட்டுப் புகையைச் சுவாசித்தே வாழும் ஊர் இது. அந்தச் சின்ன நுரையீரலுக்கு இன்னொரு புகை வேண்டாம்.

சங்கிலி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னைத் தெருக்களில் தண்ணீர் எப்படி ஏறியது என்று யாரும் மறந்திருக்க மாட்டோம். கட்டிய நாயால் நீந்தித் தப்ப முடியாது. கனமழை எச்சரிக்கை வந்தால் முதலில் சங்கிலியை அவிழ்த்துக் குட்டியை உள்ளே கொண்டுவாருங்கள். மற்ற வேலைகளைப் பிறகு பார்க்கலாம்.

குட்டி நடுங்கினால் துடைத்துக் காயவைத்து, துணியில் சுற்றி மடியில் அணைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணி சுற்றி அருகில் வையுங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 99க்குக் கீழே இறங்கினாலோ, நடுக்கம் நின்று குட்டி துவண்டாலோ, ஈறு வெளுத்தாலோ அது அவசரம். நினைவோடு இருந்தால் ஈறில் சிறிது சர்க்கரைத் தண்ணீர் தடவிவிட்டுக் கிளம்புங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பிராந்தி கொடுக்காதீர்கள். தைலமோ கற்பூரமோ தடவாதீர்கள், நக்கினால் விஷம். நமக்குக் கொடுக்கும் பாரசிட்டமாலும் புரூஃபனும் குட்டியின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பக்கத்தில் இடம் இல்லாமல் இல்லை. மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புறநகர் மருத்துவமனை இருக்கிறது. 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. திரு.வி.க. நகரில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையம் இருக்கிறது.

குளிரில் செத்தது என்று நாம் நினைக்கும் பல குட்டிகள் உண்மையில் பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்களில் சாகின்றன. நனைந்து தளர்ந்த உடம்பில் நோய் எளிதாக ஏறுகிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கால்வாய் பொங்கித் தெருவில் நிற்கும் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கிறது. அந்த நோய் நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். பார்வோவில் ஒரு குட்டி இறந்த இடத்தில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்து கட்டாதீர்கள். கிருமி அங்கே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இனி காகிதம். இதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்.

வாங்கும்போதே கேளுங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது. வளர்ப்பாளர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டையும் கையெழுத்திட்ட ரசீதும் வாங்குங்கள். ராஜபாளையம் வெள்ளைக் குட்டிகளில் பிறவிச் செவிடு உண்டு. பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். நோயுள்ள குட்டியைத் தலையில் கட்டியிருந்தால், ரசீது, மருத்துவர் சீட்டு, இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றோடு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பாருங்கள். ரசீது இல்லாமல் போனால் ஆணையத்தில் நிரூபிப்பது கடினம்.

அடுத்தது மாநகராட்சி உரிமம். மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் படம், நாயின் படம், முகவரிச் சான்று, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று தேவை. கட்டணம் 50 ரூபாய், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இப்போது மைக்ரோசிப்பும் கட்டாயம். 2025 இறுதியிலிருந்து உரிமம் இல்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. அறிவித்ததோடு அதிகாரிகள் நின்றுவிடக்கூடாது. இணையதளத்தில் படம் ஏற்றத் தெரியாத குடும்பங்கள் இங்கே ஏராளம். வார்டுதோறும் முகாம் போட்டால்தான் கொடுங்கையூருக்கு உரிமம் வந்து சேரும்.

வீட்டுக்காரர் தகராறா? குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதையே தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தில் நாயைப் பற்றி ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக் குட்டியை மாடிக்கு அனுப்பாதீர்கள்.

கடைசியாக, பக்கத்து வீட்டு மாடியில் ஒரு குட்டி நனைந்து கிடப்பதைப் பார்ப்பவர்களுக்கு. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11(1). குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவது, எப்போதும் கட்டியே வைத்து நடமாட விடாதது, போதிய தீனி, தண்ணீர், ஒதுங்க இடம் கொடுக்காதது எல்லாம் குற்றம். முதலில் உரியவரிடம் பேசுங்கள். கேட்காவிட்டால் தேதி தெரியும்படி படம் எடுங்கள். எந்தத் தேதியிலிருந்து, எந்த முகவரியில், என்ன நிலையில் நாய் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதி, பிரிவு எண்ணையும் போட்டுக் காவல் நிலையத்தில் கொடுங்கள். சி.எஸ்.ஆர். எனப்படும் புகார் ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அங்கே "நாய்க்கெல்லாம் கேஸா?" என்பார்கள். இந்தப் பிரிவில் வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாது என்பது உண்மைதான். அதற்காகப் புகாரை வாங்க மறுக்க முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174ஆம் பிரிவின்படி புகாரைப் பதிவேட்டில் எழுதி, கொடுத்தவரை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்புவது காவல் நிலையத்தின் கடமை. மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும், அதற்கு மேல் செல்லாது. நாள் கடத்தாதீர்கள். விஷம் வைத்தோ அடித்தோ நாயைக் கொன்றால் அது வேறு: பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325, ஐந்து ஆண்டுவரை சிறை. அதற்குக் காவல்துறை நேரடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும்.

வதைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இவ்வளவு குறைந்த தொகையை இன்றுவரை மாற்றாமல் வைத்திருப்பது நாடாளுமன்றத்துக்கு வெட்கக்கேடு. இவ்வளவு சிறிய தண்டனை இருக்கும்வரை சட்டம் வந்து உங்கள் குட்டியைக் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

ஆகவே இந்த வாரமே மூன்று வேலைகளை முடியுங்கள். குட்டியை ஈரத் தரையிலிருந்து எடுங்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து அடுத்த தேதியைப் பாருங்கள். உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். மூன்றும் முடியாது என்றால் குட்டி வாங்காதீர்கள். வாங்கிவிட்டால், திரும்பவும் சொல்கிறேன், மொட்டை மாடியில் கட்டாதீர்கள்.