நீவி நிமிர்த்தக் கூடாத விரல்கள்

ஒன்பது கிலோ எடையில் ஒரு சக்கர நாற்காலி. சென்னை ஐஐடி 2025-இல் வெளியிட்ட ‘ஒய்டி ஒன்’ பற்றிய செய்தியில் எல்லாரும் பிடித்துக்கொண்டது அந்த எடையைத்தான். எடை குறைவது நல்லதுதான். ஆட்டோவில் தூக்கிப் போடலாம். ஆனால் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உச்சிப்புளி பக்கம் தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கால் புதையும் மணல். உட்கார்ந்தவரின் பாரம் முன்னால் விழுந்தால் சின்ன முன்சக்கரங்கள் அதில் மாட்டிக்கொள்ளும். இருக்கையைப் பின்சக்கர அச்சுக்கு எவ்வளவு அருகில் வைப்பது, தள்ளும் கையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்று ஆளைப் பார்த்து அளவெடுக்க வேண்டும். அதைச் செய்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். தலைப்புச் செய்திகளில் அவர் வருவதில்லை.

இந்தக் கரைக்கு அவர் அவசியம் தேவை. பனை நிறைந்த மாவட்டம் இது. பதநீர் இறக்க ஏறியவர் தவறி விழுந்து கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டால், காயம் எந்த மட்டத்தில் என்பதே மீதி வாழ்க்கையைத் தீர்மானிக்கும். ஆறாவது கழுத்து நரம்பு வரை தப்பியிருந்தால் முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே எழும்பும். விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்காது.

ஆனாலும் அந்தக் கை பிடிக்கும்!

முழங்கையை மேசையில் ஊன்றி, கையைத் தளர்த்தி, மணிக்கட்டை முன்னால் தொங்கவிட்டுப் பாருங்கள். விரல்கள் விரியும். மணிக்கட்டைப் பின்னால் சாய்த்தால் அவை தாமாகவே மடங்கும். கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் வந்து ஒட்டும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் முன்கையிலிருந்து மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்பு வரை ஓடுகின்றன. மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் அவை கடக்க வேண்டிய தூரம் கூடுகிறது. நாண் உடனே நீளாது என்பதால் விரல் மடங்குகிறது. இதற்கு ‘டெனோடெசிஸ்’ பிடி என்று பெயர்.

பாட்டியின் சுருக்குப்பையேதான். கயிற்றை இழுத்தால் வாய் மூடும். கயிறு தொய்ந்து நீண்டுவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது, சில்லறை சிந்தும். ரொம்பவும் குட்டையாகிவிட்டால் வாய் திறக்காது, உள்ளே இருப்பதை எடுக்க முடியாது. பையின் வாயை விரலை விட்டு அகட்ட வேண்டும். கைக்கு அந்த வேலையைப் புவியீர்ப்பே செய்துவிடுகிறது. மணிக்கட்டு தானாக விழ, புறங்கை நாண்கள் இறுகி விரல்களைத் திறக்கின்றன. கயிறு கொஞ்சம் முறுக்காக இருப்பதுதான் நல்லது.

கெடுதல் பாசத்திலிருந்துதான் வருகிறது. மடங்கிய விரலைக் கண்டு மனம் பொறுக்காமல் எண்ணெய் தடவி, மணிக்கட்டோடு சேர்த்துத் தினமும் நிமிர்த்திவிடுகிறார்கள். நாண்கள் தொய்ந்துபோகும், பிடியும் போய்விடும். விரலை நிமிர்த்தும்போது மணிக்கட்டு முன்னால் மடங்கியிருக்க வேண்டும். மணிக்கட்டைப் பின்னால் சாய்க்கும்போது விரல்கள் மடங்கியிருக்க வேண்டும். கட்டிலில் கையூன்றி உடம்பைத் தூக்கும்போதும் உள்ளங்கையை விரிக்காமல் விரல்களை மடக்கியே ஊன்ற வேண்டும். இரவுப் பணி நர்ஸ், வார்டு உதவியாளர், மனைவி என்று அந்தக் கையைத் தொடும் ஒவ்வொருவரும் இதைக் கடைப்பிடிக்கும்படி செய்வதுதான் ஒரு மூத்த தெரபிஸ்ட்டின் தலைமை. பதவிப் பலகையில் தெரியாத வேலை இது.

ஆக்குபேஷனல் தெரபியின் இந்திய வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் பிறந்து இந்தியரை மணந்த கமலா நிம்ப்கர், 1950-இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கு நாட்டின் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் உலகக் கூட்டமைப்பு உருவானபோது நிறுவன நாடுகள் பத்தில் இந்தியாவும் ஒன்று. மருத்துவம் சார்ந்த துறைகளை முறைப்படுத்தும் மத்தியச் சட்டம் வர 2021 ஆயிற்று.

2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக, தண்டுவடம் அடிபட்ட ஒரு மனிதரின் மூளையில் சிப்பைப் பொருத்தியது. அவர் நினைத்தபடி கணினித் திரையில் அம்புக்குறி நகர்ந்தது, பெரிய சாதனைதான். ஆனால் அது உச்சிப்புளிக்கு வந்துசேரும்வரை யாரும் சாப்பிடாமல் இருக்க முடியாது. ரேஷன் ஸ்மார்ட் கார்டை நீட்டவும் கொடியில் கிடக்கும் சட்டையை இழுக்கவும் டெனோடெசிஸ் பிடி போதும். தண்ணீர் நிறைந்த செம்பைத் தூக்கப் போதாது. கூடுதல் அழுத்தம் வேண்டுமென்றால், மணிக்கட்டின் அசைவையே விரல்களுக்குக் கடத்தும் கீல் வைத்த பட்டை உண்டு. சாப்பிடுவதற்கு இன்னும் எளிய வழி, உள்ளங்கையைச் சுற்றி ஒட்டும் பட்டையில் ஒரு சிறு உறை தைத்து, அதில் கரண்டியைச் செருகிக்கொள்வது. உள்ளூர்த் தையல்காரரே தைத்துக் கொடுத்துவிடுவார். கரண்டி எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதைத்தான் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.