அழியாத எழுத்து

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய எழுத்து, மை தடவிய பின்னரே கண்ணுக்கு நன்கு புலனாகும். நாளடைவில் மை மங்கினும் கீறல் மறைவதில்லை. மீண்டும் மை தடவின் பழைய எழுத்துத் தெளிவாகத் தோன்றும். கணினியின் வன்தட்டில் பதிந்த செய்தியும் ஏறக்குறைய இத்தகையதே.

வன்தட்டினை ஒரு பெரிய நூல் எனக் கொள்வோமாயின், இன்ன கோப்பு இன்ன இடத்தில் உள்ளது எனக் காட்டும் அட்டவணை அந்நூலின் பொருளடக்கம் ஆகும். தட்டினை விரைவு முறையில் ‘ஃபார்மட்’ செய்யுங்கால், அவ்வட்டவணையே புதிதாக எழுதப்படுகிறது. உடனே தட்டு முழுவதும் வெற்றிடம் எனக் கணினி காட்டும். ஆயினும், பழைய செய்திகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றின்மேல் வேறு செய்தி எழுதப்படும்வரை, மீட்பு மென்பொருளின் துணைகொண்டு அவற்றைப் படித்தல் கூடும்.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்னும் ஆராய்ச்சி மாணவர் இருவர், பிறர் பயன்படுத்தி விற்ற 158 வன்தட்டுகளை விலைக்கு வாங்கி ஆராய்ந்தனர். அவ்வாய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. இயங்கும் நிலையிலிருந்த 129 தட்டுகளுள் 12 மட்டுமே செவ்வனே துடைக்கப்பட்டிருந்தன. ஏனையவற்றிலிருந்து 5,000க்கு மேற்பட்ட கடன் அட்டை எண்களும், மருத்துவக் குறிப்புகளும், தனி மடல்களும் வெளிப்பட்டன.

அங்ஙனமாயின் செய்தியை அழிக்கும் வழிதான் யாது? தட்டு முழுவதும் வேறு செய்தியை மேலெழுதுதலே வழி. 2007ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலாக, முழுமையான ஃபார்மட் முறை தட்டெங்கும் சுழியத்தை எழுதுகின்றது. அதற்கு முந்திய எக்ஸ்பி பதிப்பிலோ, அம்முறையும் தட்டின் பழுதை ஆராய்ந்ததேயன்றிச் செய்தியை அழிக்கவில்லை. சுழலும் தட்டின்றிச் சில்லுகளால் ஆகிய நினைவகங்களில், மேலெழுதும் செய்தி வேறோர் இடத்தில் பதிதலும் உண்டு. ஆதலின், அவற்றிற்கென உற்பத்தியாளர் அமைத்துள்ள அழிப்புக் கட்டளையைக் கையாளுதல் வேண்டும்.

பழைய கணினியை விற்போர் ஒன்றை உளங்கொள்ளுதல் நலம். அதனுள் இருப்பன அவர்தம் செய்திகள் மட்டும் அல்ல. நோயாளர் மருத்துவரிடமும், வாடிக்கையாளர் வணிகரிடமும் நம்பி அளித்த செய்திகளும் ஆகும். அவற்றை முற்றும் அழித்தபின் விற்பதே அந்நம்பிக்கையைக் காக்கும் நெறியாம்.