வடாம் எங்கே பொரிகிறது? டிவி இணைப்பு இயங்கும் விதம்

ஒரு படி வடாம் சின்ன டின்னுக்குள் அடங்கிவிடும். எண்ணெயில் போட்டு எடுத்தால் தாம்பாளம் கொள்ளாது. டிவிக்கு வரும் படமும் அப்படித்தான். இணையத்திலிருந்தோ டிஷ்ஷிலிருந்தோ வருவது காய்ந்து சுருங்கிய வடாம். 4கே படம் ஒன்று நொடிக்கு ஒன்றரை, இரண்டு கோடி பிட் அளவில் வீட்டுக்குள் நுழைகிறது. அதைப் பொரித்து முழுப் படமாக்கும் அடுப்புதான் செட்-டாப் பாக்ஸ். டிவியில் சொருகும் ஸ்டிக்கும் ப்ளூ-ரே பிளேயரும் அதே வேலையைத்தான் செய்கின்றன. பொரிந்த பிறகு கணக்கைப் பாருங்கள்: 3840க்கு 2160 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 60 சட்டகம். நொடிக்கு ஏறக்குறைய 1,200 கோடி பிட்!

அவ்வளவையும் சிந்தாமல் டிவிக்குக் கொண்டுபோகும் தாம்பாளம் எச்டிஎம்ஐ கேபிள். 2002இல் முதல் பதிப்பு வந்தபோது நொடிக்கு 495 கோடி பிட் தாங்கியது. 2013இன் 2.0 பதிப்பு 1,800 கோடியும், 2017இன் 2.1 பதிப்பு 4,800 கோடியும் தாங்கும். பழைய கேபிளை 4கே பெட்டிக்குப் போட்டால் திரையில் மினுமினுவெனப் புள்ளிகள் தெறிக்கும், அல்லது படம் விட்டு விட்டு வரும். உறையில் ‘பிரீமியம் ஹைஸ்பீடு’ என்று சான்று இருந்தால் வீட்டு 4கேவுக்குப் போதும். அதற்கு மேல் தங்க முலாமுக்குக் கொடுக்கும் பணம் வீண். பிட்டுகள் பழுதில்லாமல் வந்து சேர்ந்தபின் நிறம் இன்னும் பளிச்சென ஆக வழியே இல்லை.

கேபிள் சரியாக இருந்தும் படம் மங்கலாக வருகிறதே என்பவர்கள்தான் அதிகம். காரணம் பெரும்பாலும் பரிமாறுவதற்கு முன் நடக்கும் பேச்சில் இருக்கிறது. நல்ல பரிமாறுகிறவர் இலையில் எதையும் கேட்காமல் வைக்க மாட்டார். பெட்டியும் கேட்கிறது. எச்டிஎம்ஐ முனையில் 19 ஊசிகள். 18ஆவது ஊசி வழியே பெட்டி 5 வோல்ட் அனுப்பும். டிவி 19ஆவது ஊசியில் ‘வந்துவிட்டேன், கேள்’ என்று பதில் தரும். உடனே பெட்டி, டிவி எழுதி வைத்திருக்கும் ஈடிஐடி என்ற குறிப்பைப் படிக்கிறது. எந்த அளவுப் படம், நொடிக்கு எத்தனை சட்டகம், எந்த வகை ஒலி என எல்லாம் அதில் இருக்கும். இதில் சொன்னதைத்தான் பெட்டி அனுப்பும்.

பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டின் முழுத் திறனும் ஆரம்பத்தில் அணைத்தே இருக்கும். இலைக்காரர் ‘எனக்குக் கொஞ்சம் போதும்’ என்று சொல்வதைப் போல. செட்டிங்ஸில் போர்ட்டுக்கான தேர்வைத் திறந்து அதை இயக்க வேண்டும். பெயர் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இன்னொன்று, பெட்டிக்கும் டிவிக்கும் நடுவே பழைய சவுண்ட்பாரைக் கோப்பது. நடுவில் நிற்பவருக்குத் தெரியாத பண்டம் இலைக்கு வராது. டிவி 4கே கேட்டாலும் சவுண்ட்பார் தடுத்துவிடும். பெட்டியை நேரே டிவியில் சொருகுங்கள். பேச்சு பாதியில் சிக்கித் திரை கறுப்பாக நின்றால், கேபிளைக் கழற்றி மாட்டுங்கள். கேள்வி முதலிலிருந்து தொடங்கும். அப்போதும் கட்டணப் படங்கள் மட்டும் வராவிட்டால், எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு ஏதோ ஒரு கருவியில் பழையதாக இருக்கலாம்.

பெட்டியை டிவிக்குக் கொடுத்துவிட்டால் சவுண்ட்பாருக்கு ஒலி? அதே வகைக் கேபிளில் எதிர்த்திசையில் போகும். 2009இல் வந்த 1.4 பதிப்பு ஏஆர்சி என்ற இந்த வசதியைத் தந்தது. டிவியிலேயே ஓடும் செயலிகளுக்கு, அதாவது அடுப்பு டிவிக்குள்ளேயே இருக்கும்போது, இது மிகவும் பயன்படும். டிவியில் ‘ஏஆர்சி’ எழுதிய போர்ட்டில்தான் சொருக வேண்டும். வேறு போர்ட்டில் சத்தம் வராது. சிஇசி என்ற தேர்வையும் இயக்குங்கள், டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். உதட்டசைவுக்கு முன்னால் குரல் கேட்டால், சோறு வருமுன் சாம்பார் வந்துவிட்டது என்று பொருள். படத்தை மெருகேற்ற டிவி எடுக்கும் நேரம்தான் காரணம். ஒலித் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டினால் இரண்டும் சேர்ந்து இறங்கும்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள் இன்னும் பல வீடுகளில் தொங்குகின்றன. சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகப் பிசைந்தே போகின்றன. பிசைந்த சாம்பார் சாதத்திலிருந்து சாம்பாரைத் தனியே எடுக்க முடியாதல்லவா? டிவி பிரிக்க முயன்று தோற்பதுதான் எழுத்தோரங்களில் ஊர்ந்து தெரியும் நிறப்புள்ளிகள். போதாததற்கு, அந்த ஒயரில் நம் ஊர் முறைப்படி 576 வரிகளுக்கு மேல் படம் போகாது. கேபிள்காரர் பெட்டியை மஞ்சள் ஒயரில் மாட்டிவிட்டுப் போயிருந்தால், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தால் இன்றே ஒரு கேபிள் வாங்கி மாற்றிவிடுங்கள்.