வேகத்தின் விலை

மோட்டார் வண்டியின் வேகத்தைக் கூட்ட எஞ்சினின் வலுவைக் கூட்டினாற் போதும் எனப் பலர் கருதுவர். இக்கருத்து ஓரளவுக்கே பொருந்தும். விரைந்து செல்லும் வண்டிக்கு வளியே முதற்பகை. வேகம் இருமடங்காயின் வளியின் தடை நான்கு மடங்காகும். அதனை வெல்ல வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் வளித்தடையை வெல்ல 80 பரிவலு செலவிடும் வண்டிக்கு, 400 கிலோமீற்றர் வேகத்தில் 640 பரிவலு வேண்டும். இவ்விதியோடு பொறியியலார் நடாத்திய போராட்டத்திற்கு இரு வண்டிகள் சான்றாகும்.

முதலாவது, 1992 இல் அறிமுகமான ஆங்கில நாட்டு மக்லாரன் எஃப் 1. அதனை வடிவமைத்த கோர்டன் மறே, நிறையைக் குறைத்தலையே தலையாய கொள்கையாகக் கொண்டார். உடற்கூட்டைக் காபன் நாரினால் அமைத்தார். சாரதியின் இருக்கையை நடுவிலும், பயணிகள் இருவரின் இருக்கைகளை இருமருங்கிலும் சற்றுப் பின்னாகவும் வைத்தார். எஞ்சின் அறையிற் பொற்றகடு பதித்தமை செல்வச் செருக்கன்று; பொன் வெப்பக் கதிர்களை நன்கு தெறிக்கும் என்பதனாலாம். வண்டியின் நிறை ஏறக்குறைய 1140 கிலோகிராம். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் ஆக்கிய 12 உருளை எஞ்சின் 627 பரிவலு தந்தது. 1998 இல் ஜேர்மனியின் ஏரா-லெசியன் ஓடுபாதையில் இவ்வண்டி மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தை எய்தியது.

இரண்டாவது, 2005 இல் பிரான்சில் உற்பத்தி தொடங்கிய புகாட்டி வேய்ரோன். 16 உருளைகளும், கழிவு வாயுவாற் சுழன்று எஞ்சினுக்குள் வளியை அழுத்திச் செலுத்தும் நான்கு டேர்போக்களும் கொண்ட இதன் வலு 1001 பரிவலு. வேகம் மணிக்கு 407 கிலோமீற்றர். வலு மிகவே வெப்பமும் மிகுந்தது. அதனைப் போக்கப் பத்து றேடியேற்றர்கள் வேண்டியிருந்தன. அவற்றினூடு பாயும் வளி வண்டியின் தடையைக் கூட்டியது. அத்தடையை வெல்ல மேலும் வலு வேண்டியதாயிற்று.

இனிக் கணக்கை நோக்குவோம். கூடிய பரிவலு 374. கூடிய வேகமோ 21 கிலோமீற்றர். மேற்கூறிய விதியின்படி மக்லாரனுக்கே இவ்வேகத்தை ஊட்ட ஏறத்தாழ 110 பரிவலு மேலதிகமாக இருந்தாற் போதும். எஞ்சியது பெரும்பாலும் பருத்த உடலுக்கும் குளிர்விக்கும் ஏற்பாட்டிற்கும் இறுத்த விலையாகும்.

ஓடும் வண்டி நிற்கவும் வேண்டும். மணிக்கு 400 கிலோமீற்றரில் ஓடும் வண்டியின் இயக்கசத்தி, 100 கிலோமீற்றரில் உள்ளதினும் 16 மடங்கு. அதனை வெப்பமாக மாற்றி வண்டியை நிறுத்துவன பிறேக்குகளே. வேய்ரோனின் நிறை ஏறக்குறைய 1900 கிலோகிராம் ஆதலின், ஒரே வேகத்தில் அதன் பிறேக்குகள் மக்லாரனினும் மிகுந்த சுமையை ஏற்றல் வேண்டும். சாரதியின் உயிர் தங்கியிருப்பது இவ்விடத்திலேயே. வலுவைச் சேர்க்குமுன் எதனைக் குறைக்கலாம் என ஆராய்தலே நல்ல பொறியியலாளனின் முதற் கடமையாகும்.