ஊரில் வீடு, சென்னையில் வேலை

வீட்டிலிருந்து வேலை செய்பவரின் ஊக்கம், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதைவிட, அந்த இடம் அவருக்கு எதைத் தருகிறது என்பதைப் பொறுத்தது. மனித ஊக்கத்தின் அடிப்படைத் தேவைகளாக அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும் மூன்றைச் சொன்னார்கள்: தன் விருப்பப்படி செயல்படும் உரிமை, திறமை வளர்கிறது என்ற நிறைவு, பிறரோடு ஒட்டுறவு. வீட்டிலிருந்து செய்யும் வேலை முதலாவதைத் தாராளமாகத் தருகிறது. மற்ற இரண்டும் நாளடைவில் தேய்கின்றன.

சென்னையிலிருந்து திண்டிவனம் சுமார் 120 கி.மீ., விழுப்புரம் சுமார் 160 கி.மீ. தினமும் போய்வந்தால் பொழுது பயணத்திலேயே கழிந்துவிடும். அதனால் ஐ.டி. வேலை கிடைத்தால் சென்னையில் அறை எடுத்துத் தங்குவதே வழக்கம். 2020 மார்ச்சில் வந்த ஊரடங்கு அப்படிப்பட்ட பலரை லேப்டாப்போடு ஊருக்கு அனுப்பியது. வாடகை மிச்சம், வீட்டுச் சாப்பாடு, பக்கத்தில் பெற்றோர். இந்த நிம்மதி வேலையிலும் தெரியும். ஆனால் ஒரே கூடம் உள்ள வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்க்க முடியாது. “வீட்டிலதானே இருக்கே” என்று சொல்லி வீட்டு வேலைகள் வந்து சேரும். பெண்களுக்கு இந்தச் சுமை இரட்டிப்பு.

சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் புளூம் குழு நடத்திய ஆய்வில், வீட்டிலிருந்து வேலை செய்தோரின் செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவோர் பாதியாகக் குறைந்தனர். ஆனாலும் ஒன்பது மாத முடிவில், வீட்டிலிருந்து வேலை செய்தோரில் சுமார் பாதிப் பேர் அலுவலகத்துக்கே திரும்ப விரும்பினர். தனிமை அதற்கு முக்கியக் காரணம். திறமைக்கு ஈடாகப் பதவி உயர்வும் கிடைக்கவில்லை. கண்ணில் படாத உழைப்பு மேலாளரின் நினைவிலும் நிற்பதில்லை என்பது ஊக்கத்தை உள்ளிருந்து அரிக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு என்ற ஏற்பாட்டை அதே நிறுவனத்தில் ஆராய்ந்து 2024-இல் வெளியான ஆய்வு, செயல்திறனோ பதவி உயர்வோ குறையவில்லை என்கிறது. ஆனால் திண்டிவனத்துக்காரருக்கு மீதி மூன்று நாளுக்கும் சென்னையில் அறை வேண்டும், வாடகை மிச்சமாகாது. வேலை ஊர்ப்பக்கம் வந்தால்தான் இந்தச் சிக்கல் தீரும். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் சுமார் 63,000 சதுர அடியில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா என்ற ஐ.டி. அலுவலக வளாகம் அதற்கு ஒரு வழி. அங்கே சக ஊழியர்கள் உண்டு, மாலையில் வீடும் உண்டு. குழுத் தலைவர் சென்னையிலேயே இருந்தால், பதவி உயர்வுக் கேள்வி மட்டும் அங்கும் தொடரும்.